ஒண்ணுக்கு வருதுங்களா, கண்ணு?

முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை ஒவ்வொன்றிலும் அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று போதிய அறை ஒன்று இருக்க வேண்டும். அந்த அறை வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ளதாகவும் சுத்தமானதாகவும் இருக்க வேண்டும். குழந்தைகளைப் பராமரிப்பதில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் அது விடப்பட வேண்டும். தொழிற்சாலைச் சட்டத்தின் நாற்பத்தெட்டாவது பிரிவு சொல்வது இதுதான். இப்போது சட்டங்களையெல்லாம் மூட்டை கட்டிப் புதிய தொகுப்பாக்கிவிட்டார்கள், முப்பது என்ற எண்ணிக்கையும் மாறிவிட்டது என்கிறார்கள். நான் பழைய பிரிவுகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன். அவை என்னைக் கைவிட்டதில்லை. அவற்றை யாரும் கேட்டதும் இல்லை.

தொழிற்சாலைகளின் கோப்புகளைப் பார்க்கும் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனி என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். அவர்கள் கேட்கும் காகிதம் கேட்ட நிமிடத்தில் மேஜைக்கு வந்தாக வேண்டும். பணியில் இருந்தபோது இல்லாத காகிதங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவற்றைத் தயார் செய்துகொண்டிருந்தேன். வேலை அதேதான். நாற்காலியைத்தான் எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கம்பெனியிலும் குழந்தைகள் அறை இருந்தது. சுவரில் யானை, மான், சிரிக்கும் சூரியன். சாதாரண நாட்களில் யானையின் கழுத்துவரை அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஆடிட் அன்று காலையில் பெட்டிகள் வெளியே போகும், பொம்மைகள் உள்ளே வரும். பொம்மைகளோடு நாலைந்து குழந்தைகளும் வருவார்கள். மாலையில் எல்லாம் இருந்த இடத்துக்குத் திரும்பிவிடும். குழந்தைகளுக்கு இருந்த இடம் என்பது தாயின் தையல் மெஷின் ஓரம், ஒரு துணி மூட்டையின் மேல். பிறகு துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர், இனிமேல் சொல்லாமல் கொள்ளாமல் வருவோம் என்று எழுதிவிட்டார். வேறு வழியில்லாமல் அறையை நிஜமாகவே நடத்த வேண்டியதாயிற்று. பயிற்சி பெற்ற பெண் ஒருவரும் தேவைப்பட்டார். செக்கிங் பகுதியில் கண் மங்கிப்போய், நூல் பிசிறு தெரியாமல் பீஸைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாளை ஒருநாள் வகுப்புக்கு அனுப்பிப் பயிற்சி பெற்றவராக ஆக்கினோம். சான்றிதழை நான்தான் கோப்பில் சேர்த்தேன்.

அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பொங்கலூர்ப் பக்கத்துக்காரர். குழந்தைகளுக்கு ஆயாம்மா, எனக்கு அந்தம்மா. கனத்த உடம்பு, மெல்லிய குரல். என் அறைக்கும் குழந்தைகள் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். கோப்பில் தலை வைத்திருக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி வரும்.

"ஒண்ணுக்கு வருதுங்களா, கண்ணு?"

முதலில் எனக்கு அதிசயமாக இருந்தது அந்த 'ங்க'தான். கொங்குச் சீமையில் கன்றுக்குட்டியைக்கூட மரியாதையோடுதான் விரட்டுவார்கள் என்பது தெரியும். ஆனால் நடக்கும்போதே கால்சட்டையை நனைத்துக்கொண்டு நிற்கும் இரண்டரை வயதுக்காரரிடம், தாசில்தாரிடம் கேட்பதுபோல் ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அதிலும் பெரிய அதிசயம், கேட்டுவிட்டு அவர் சும்மா இருப்பது. பதில் வரும்வரை அடுத்த வார்த்தை வராது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார். "வரும் வரும், வா" என்று இழுக்கமாட்டார். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையைத் தொடைமேல் வைத்து, அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் பதிலுக்குப் பதிலாகத் தரையில் சிறு குளம் ஒன்று பரவும். "வந்துருச்சுங்களா? சரிங்க கண்ணு" என்று துணியை எடுப்பார். அதில் கோபமும் இருக்காது, சமாதானமும் இருக்காது.

துடைக்கும் துணி கட்டிங்கில் விழுந்த வேஸ்ட். மாற்று உடுப்பு ஏற்றுமதியில் கழித்துப் போட்ட பீஸ். ஆகவே மதியத்துக்குள் நம் பிள்ளைகள் அத்தனை பேரும் பனிமனிதனும் கொம்பு வைத்த மானும் அச்சடித்த கால்சட்டையில் உலாவுவார்கள். வெளியே சித்திரை வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருக்கும்.

குழந்தைகளிடம் மட்டும் என்றால் அதை வேலைமுறை என்று சொல்லிவிடலாம். அவர் எல்லாரிடமும் அப்படித்தான் இருந்தார். எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் ஓர் இளைஞர். நடக்கும்போதே பேசுவார், பேசும்போதே போன் பார்ப்பார். ஒருநாள் காலை அந்தம்மா அவரிடம், "ஏனுங்க சார், ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்டார். "ம்ம்" என்று சொல்லிவிட்டு அவர் நகரப் பார்த்தார். அந்தம்மா வழியை மறிக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். மேனேஜர் இரண்டடி போனார், திரும்பினார். "தூக்கமெங்கீங்க வருது, ஷிப்மென்ட் லேட்டு" என்றார். அந்தம்மா இன்னும் நின்றார். "நெஞ்செரிச்சல்" என்றார். கடைசியில் தன் மாமனாருக்கும் தனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் போனார். போகும்போது அவர் முகத்தில் பணப்பையைத் தொலைத்தவரின் குழப்பம்.

கம்பெனி வாசலில் டீக்கடை போட்டிருந்தவரிடம், "இது நேத்தைய பாலுங்களா?" என்று கேட்டுவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் ஒருமுறை. டீக்கடைக்காரர் சிரித்தார், பிறகு முறைத்தார், பிறகு, "தாயே, உனக்குப் புண்ணியமாப் போவுது" என்று பாலைச் சாக்கடையில் ஊற்றினார்.

என்னையும் கேட்டார். "ஏனுங்கய்யா, பென்சன் வாங்கறவருக்கு இங்க என்னங்க வேலை?"

அனுபவத்தைப் பயன்படுத்துகிறேன் என்றேன். காத்திருந்தார். பேத்தியின் படிப்புச் செலவு என்றேன். காத்திருந்தார். வீட்டில் உட்கார்ந்தால் பொழுது போகவில்லை என்றேன். அதற்கும் அவர் கண்ணை எடுக்காததால் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். இன்றுவரை அந்தக் கேள்வி நிலுவையில்தான் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நேரம் வரும். கீழே ஓவர்லாக் மெஷின்கள் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். தகரக்கூரையின் கண்ணாடிப் பட்டை வழியாக இறங்கும் வெயிலில் பஞ்சுத்தூசி மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் நிற்கும். பிள்ளைகள் துணி மூட்டைகளின் மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தூங்குவார்கள். எனக்கும் தலை சாயும். அந்த அரைத்தூக்கத்தில் பழைய அலுவலகம் வரும். நீளமான வராந்தாவில் ஈரம் பரவிக்கொண்டிருக்கும். கோப்புகளெல்லாம் பனிமனிதன் போட்ட கால்சட்டை அணிந்து வரிசையாக நிற்கும். யாரோ மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வருவார்கள், வருதுங்களா, வருதுங்களா என்று. நான் ஏதோ சொல்ல வாயைத் திறப்பேன். விழித்துப் பார்த்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே யாரோ ஒரு பொடியன் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வதுது" என்று சொல்லியிருப்பான். "வாங்க கண்ணு, போலாம்" என்று இரண்டு காலடிச் சத்தங்கள், ஒன்று கனமாக, ஒன்று தத்தித் தத்தி, என் கதவைக் கடந்து போகும்.

அவர்கள் போவது ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வாய்க்காலுக்கு. குழந்தைகள் உயரத்துக்கு ஏற்ற கழிப்பறை ஒன்று அறையை ஒட்டியே கட்டியிருந்தது. சின்னப் பீங்கான், சின்னக் குழாய், எல்லாம் உண்டு. பீங்கான்மேல் கடையில் சுற்றிய பிளாஸ்டிக் தாள் இன்னும் பிரிக்கப்படவில்லை. "சார், ஆடிட் வர்ற வரைக்கும் யாரும் டச் பண்ணக்கூடாது, பிரெஷ்ஷா இருக்கணும்" என்று மேனேஜர் பூட்டி வைத்திருந்தார். சட்டப்படி இருக்க வேண்டியது இருந்தது. உபயோகிக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை; நானே தேடிப் பார்த்தேன்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரு மாதம், இரண்டு மாதத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். ஆன்டோவைத் தவிர.

ஆன்டோவுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. அவன் அம்மா ஜெயராணி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். பேட்லாக் மெஷினில் டெய்லர். புருஷன் இல்லை என்பது மட்டும் தெரியும். எங்கே என்று யாரும் கேட்டதில்லை, அந்தம்மாவும் கேட்டதில்லை. பையன் மற்ற விஷயங்களில் நன்றாகப் பேசுவான். மான் எங்கே, சோறு வேண்டாம், தள்ளு என்றெல்லாம் சொல்வான். அந்தம்மா அந்தக் கேள்வியைக் கேட்டால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கி நிற்பான். நெற்றியில் வேர்க்கும். அந்தம்மா காத்திருப்பார். அவனும் காத்திருப்பான். யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியாத அந்த அமைதி பிளைவுட்டைத் தாண்டி வந்து என் கழுத்தில் உட்காரும். பிறகு குளம்.

ஏப்ரலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி.க்குக் கூட்டிப்போனாள் ஜெயராணி. அங்கே விசாரித்த டீச்சர் பையனிடம் நிறம் கேட்டார், எண் கேட்டார், எல்லாம் சொன்னான். பாத்ரூம் வந்தால் சொல்வாயா என்று கேட்டதும் சுவரைப் பார்த்தான். டீச்சரின் புதுப் பாய் நனைந்தது. "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள சொல்லப் பழகிட்டான்னா கூட்டிட்டு வாங்கம்மா. இல்லாட்டி அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் என்பது ஜெயராணிக்கு இல்லை. சுற்றி இருந்த லைன் வீடுகளில் அவளுக்கு யாரும் கிடையாது. கம்பெனியின் குழந்தைகள் அறையும் ஜூன் மாதத்திலிருந்து மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்று மேனேஜர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். ஆறு வயது என்று நான் பிரிவை எடுத்துக் காட்டினேன். "சார், இடமில்லை சார்" என்றார். பள்ளி இல்லை, அறை இல்லை என்றால் பையனை ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். ஊரில் அவள் தம்பி குடும்பம் இருந்தது.

"கொண்டுபோய் விட்டா அங்கன நல்லாத்தாம் பாத்துக்கிடுவாவ" என்றாள் ஒருநாள் அந்தம்மாவிடம். "ஆனா வருசத்துக்கு ஒருக்கா, கிறிஸ்மஸுக்குப் போனா, எம்புள்ள என்னைய யாருன்னு கேப்பான்க்கா. எங்கூட மெஷினடிக்கவளுக்கு அப்படித்தான் ஆச்சு. அவ புள்ள அவள அத்தைங்கான்."

அந்தம்மா மறுநாளும் பையன் எதிரில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினால் என்ன? உலகம் முழுவதும் அப்படித்தானே செய்கிறார்கள்? தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்க் கேட்டேவிட்டேன். அப்போதுதான் அவர் தன் கதையில் ஒரே ஒரு துண்டைச் சொன்னார்.

"என்ர மாமியா வாதம் வந்து பேச்சு போயிப் படுத்துட்டாங்க. எத்தனையோ வருசமுங்க. நாந்தான் எல்லாம் பண்ணோணும். மொதல்ல நேரத்துக்கு நேரம் நானாப் பொரட்டி, நானாத் தொடச்சு உட்டுருவனுங்க. அப்பெல்லாம் கண்ணுல தண்ணி ஊத்தும். வலிக்குதாக்கும்னு நெனச்சனுங்க. ஒருநா ஏதோ நெனப்புல, வருதுங்களா அத்தைனு கேட்டுப்போட்டேன். கண்ண மூடித் தொறந்தாங்க. அன்னைக்கு அழுகலீங்க. கேக்காமப் பண்ணுனா அழுவாங்க, கேட்டுட்டுப் பண்ணுனா அழுகமாட்டாங்க. அம்புட்டுத்தானுங்க."

அதற்குமேல் அவர் எதையும் விளக்கவில்லை. எதிலிருந்து எங்கே வந்தார் என்று யோசித்துக்கொண்டே என் நாற்காலிக்குத் திரும்பினேன். நியாயம் புரிந்ததே தவிர, எரிச்சல் குறையவில்லை.

மே மாத நடுவில் ஒரு நாள் என் அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெற்றிலையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு நாடாவில் தொங்கும் அட்டை. ஆன்டோ உள்ளே வந்தான். அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான். அது முழங்கால்வரை தொங்கியது. நேராக வெளியே நடந்தான். பின்னாலேயே போனேன். ஜெனரேட்டர் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில் நின்று, கால்சட்டையை இறக்கி, நீளமாக, நிதானமாக, ஒரு பெரிய மனிதரின் நிம்மதியோடு வேலையை முடித்தான். திரும்பி வந்து அட்டையைக் கழற்றி என் மேஜையில் இருந்த இடத்திலேயே வைத்தான்.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு தையல் லைனுக்கும் ஒரு டோக்கன் உண்டு. சிவப்பு நாடாவில் கோத்த பிளாஸ்டிக் வில்லை. சூப்பர்வைசர் பக்கத்து ஆணியில் தொங்கும். லைனில் யாராவது பாத்ரூம் போக வேண்டுமானால் அதை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போக வேண்டும். அவர் திரும்பி வந்து மாட்டிய பிறகுதான் அடுத்தவர். அறை திறப்பதற்கு முன் ஆன்டோ மாதக்கணக்கில் அம்மாவின் மெஷின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன். மனிதர்கள் எப்படி ஒண்ணுக்குப் போகிறார்கள் என்பதை அங்கேதான் பார்த்துக் கற்றிருக்கிறான். வில்லை கழுத்துக்கு வர வேண்டும். வராதவரை அடக்க வேண்டும்.

ஜெயராணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டு அந்தம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா, அதாம் அவன் பேசமாட்டேங்கான். சூப்பர்வைசர் கேப்பாம்லா, 'அவசரமா, பீஸ முடிச்சுட்டுப் போறியா'ன்னு. நான் வாயத் தொறக்கமாட்டேன். சொவத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன். அவசரம்னு சொன்னா நாலு பேரு முன்னால ஏதாவது ஏசுவான். பேசாம இருந்தா, அவனா நேரம் பாத்துத் தருவான். இவன் கீழ உக்காந்து எம்மூஞ்சியத்தானப் பாத்துக்கிட்டுருந்தான். கேட்டா பதில் சொல்லக்கூடாதுன்னு நாந்தாங்க்கா படிச்சுக் குடுத்துருக்கேன்."

நான் உற்சாகமாகிவிட்டேன். நோய் தெரிந்தது, மருந்தும் கையில் இருந்தது. அட்டை வெட்டி, சிவப்பு நாடா கோத்து, ஒரு பக்கம் மான் படம் ஒட்டி, அரை மணி நேரத்தில் ஆன்டோவின் அளவுக்கு ஒரு டோக்கன் தயார் செய்தேன். முறைப்படி ஒரு முத்திரையும் குத்தினேன்.

அந்தம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்.

"வேண்டாமுங்கய்யா."

"ஏன்?"

"அவரு சொல்லட்டுங்க."

மூன்று வயதுக்காரர்தான் அந்த 'அவரு'.

ஜெயராணிக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா இது? அதக் கழுத்துல போட்டா இன்னிக்கே போவான். ஒங்களுக்கு என்ன, எம்புள்ளல்லா ஊருக்குப் போவுது!"

"ஏனுங்க அம்மிணி, பள்ளிக்கூடத்துல இத யாருங்க மாட்டி உடுவாங்க?"

"அங்கன போயி பாத்துக்கிடலாம்."

அந்தம்மா காத்திருந்தார்.

"டீச்சர்ட்ட சொல்லுவேன். கெஞ்சுவேன்."

காத்திருந்தார்.

"பாத்துக்கிட்டே நிக்காதீங்கக்கா!" என்று ஜெயராணி கத்திவிட்டாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளில் இரண்டு பேர் எழுந்து அழுதார்கள். "ஒங்க பிடிவாதத்துக்கு எம்புள்ளயா கெடச்சான்? ஞாயித்துக்கெழம எந்தம்பி வாரான். டிக்கெட் போட்டாச்சு. கூட்டிட்டுப் போயிருவான். பொறவு யாருட்ட வேணும்னாலும் கேட்டுக்கிட்டு உக்காந்துருங்க!"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் கேக்கறனுங்க அம்மிணி" என்றார் அந்தம்மா. அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்த நிமிடத்தில் எனக்கு அவரைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கையெட்டும் தூரத்தில் ஒரு தீர்வை வைத்துக்கொண்டு ஒரு தாயை அழவிடுகிறவரை என்னவென்று சொல்வது? அந்த டோக்கனை அவர் கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஒரு வாரத்துக்குக் கொடுத்திருக்கலாம். பிறகு நிறுத்தியிருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை, முன்கூட்டியே தேதி சொல்லி வரும் வேறொரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட் வந்தது.

காலையிலேயே மேனேஜர் லைன் லைனாகப் போய் டோக்கன்களைக் கழற்றிக்கொண்டு வந்தார். பாத்ரூம் போக அனுமதி வாங்க வேண்டும் என்று வெளியே தெரிந்தால் ஆர்டர் போய்விடும். சிவப்பு நாடாக்களை ஒரு கூடையில் போட்டு என் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சட்டத்துக்கு விரோதமான பொருளுக்குச் சட்டப் புத்தகத்தின் பக்கத்தைவிடப் பாதுகாப்பான இடம் ஏது? கூடை போவதை ஆன்டோ பார்த்தான். அன்று காலை முழுவதும் அவன் சோறும் தொடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. வில்லையே இல்லாத உலகத்தில் தண்ணீர் குடிப்பது ஆபத்து என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம்.

மைக்கில் அறிவிப்பு வந்தது: "இன்னைக்கு யாரு வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் ரெஸ்ட்ரூம் போலாம். பர்மிஷன் தேவையில்லை."

பெண்கள் முதலில் நம்பவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தைத்தார்கள். பிறகு ஒருத்தி எழுந்தாள். யாரும் ஒன்றும் சொல்லாததால் இன்னொருத்தி. குழந்தைகள் அறையின் ஜன்னலுக்கு வெளியேதான் அந்த நடை. பத்து மணிக்குமேல் அதில் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தேர் பார்க்கப் போவதுபோல் இரண்டு பேர், மூன்று பேராக, முந்தானையை வீசிக்கொண்டு, பேசிக்கொண்டு. அவசரமில்லாமல் போனார்கள், அவசரமில்லாமல் வந்தார்கள். சிலர் சும்மாவே போனார்கள் என்று நினைக்கிறேன். வெயில் நடையில் பாதிவரை வந்து நின்றிருந்தது. கீழே மெஷின்களின் ரீங்காரம் முதல்முறையாக ஏற்ற இறக்கத்தோடு, மூச்சு விடுவதுபோல் கேட்டது.

ஆன்டோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்தான். பிறகு அவன் அம்மா வந்தாள். அவள் கழுத்திலும் எதுவும் இல்லை. அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது ஈரக்கையை ஜன்னல் வழியாக அவன் முகத்தில் உதறினாள். நாள் கணக்கில் யாருக்கும் முகம் கொடுக்காமல் இருந்தவள் அன்றைக்கு ஏனோ சிரித்தாள். பையன் முகத்தைத் துடைக்கவில்லை. அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆடிட்டர் அம்மாள் குழந்தைகள் அறைக்கு வந்தார். முன்னால் மேனேஜர், பின்னால் கோப்போடு நான். கழிப்பறை திறந்திருந்தது. பீங்கானின் பிளாஸ்டிக் தாளைக் காலையில்தான் உரித்திருந்தார்கள். ஆடிட்டர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் குழந்தைகள் உபயோகிக்கிறார்களா?" என்று கேட்டார்.

"ஆல்வேஸ், மேடம்" என்றார் மேனேஜர்.

அந்தம்மா எங்களைக் கவனிக்கவேயில்லை. ஆன்டோவின் முழங்கால்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார். அவன் எதிரில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணுக்கு வருதுங்களா, கண்ணு?"

அவன் சுவரைப் பார்த்தான். எல்லாரும் நின்றோம். ஆடிட்டர் பேனாவை மூடித் திறந்தார். சாலையில் பால்குடம் போகிற மேளச்சத்தம் தூரத்தில் கிளம்பி, நெருங்கி, கம்பெனி வாசலைக் கடந்தது. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆயாம்மா, அப்புறம் கேட்டுக்கலாம், மேடம் வெய்ட் பண்றாங்க" என்றார்.

"அவரு சொல்லட்டுங்க சார்."

பையன் கண் சுவரிலிருந்து நகர்ந்து என் கழுத்துக்கு வந்தது. அட்டை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. என் கை தானாக நாடாவுக்குப் போனது. கழற்றிக் கொடுத்தால் முடிந்துவிடும். ஊரும் இல்லை, தம்பியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால் நிச்சயம் கழற்றியிருப்பேன். அவர் பார்க்கவில்லை. அவன் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டேன்.

அவன் ஜன்னலைப் பார்த்தான். நடையில் யாரோ ஒரு பெண் வெறுங்கழுத்தோடு பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். மேளச்சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

"வருது" என்றான்.

சன்னமாகத்தான் சொன்னான். ஆனால் மேனேஜர் முதல் நான்வரை எல்லாருக்கும் கேட்டது.

"சரிங்க கண்ணு" என்றார் அந்தம்மா. எழுந்திருக்கவில்லை, கூடப் போகவில்லை. அவனாகவே நடந்தான். கதவை அவனாகவே தள்ளினான். பிறகு அந்தப் புதுப் பீங்கானில் விழுந்த சத்தத்தை, அது ஆரம்பித்து, நீண்டு, நின்று, மறுபடி சொட்டி முடியும்வரை, திருப்பூரின் ஏற்றுமதி வர்த்தகம் கைகட்டி நின்று கேட்டது.

சாப்பாட்டு மணி அடித்ததும் ஜெயராணி ஓடி வந்தாள். அந்தம்மா சொல்வதற்கு முன் பையனே சொன்னான், "நா சொன்னேன்" என்று. அவள் அந்தம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனை எடுத்தாள்.

"எலேய், ஞாயித்துக்கெழம வராண்டாம்டே. டிக்கெட்டக் கேன்சல் பண்ணிரு. ஆமா. அவன் பள்ளிக்கூடம் போவான்."

என் பணிக்காலத்தில் எத்தனையோ கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். அனுப்பியதோடு என் வேலை முடிந்தது என்று கோப்பை மூடியிருக்கிறேன். ஒருவர் உட்கார்ந்து காத்திருந்து ஒரு பதிலைப் பெற்றதை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பதில் வந்த நாள்: வைகாசி விசாகம், வெள்ளிக்கிழமை, முற்பகல்.